பச்சைத் தங்கமும் பெரிய கணக்கும்

கோடை விடுமுறைக்கு ஊருக்கு ரயிலில் போகும்போதெல்லாம் தண்டவாளத்தின் ஓரம் முள் நுனியோடு வரிசையாக நிற்கும் செடியைக் காட்டி, "அதுதான்டா ரயில் கத்தாழை" என்பார் அப்பா. அது நம் மண்ணின் செடியல்ல, மெக்சிகோவிலிருந்து வந்த இனம் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மகனோடு அந்நாட்டின் யுகத்தான் பகுதிக்குப் போனேன். மெரிடா நகருக்குத் தெற்கே யாக்ஸ்கோபோயில் என்றொரு பழைய தோட்டம். பெரிய மாளிகை, வழிபாட்டுக் கூடம், நார் உரிக்கும் இயந்திரக் கூடம் எல்லாம் இருந்தன. வெளியே பார்த்தால், அட, நம்ம ரயில் கத்தாழையின் உறவுக்காரி! அங்கே அதற்கு ஹெனெக்கென் என்று பெயர். அந்த நார் கப்பலேறிய துறைமுகம் சிசால். கத்தாழை நாருக்கு 'சிசல்' என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1870களின் இறுதியில் அமெரிக்காவில் கதிரை அறுத்துத் தானே கட்டாகக் கட்டும் இயந்திரம் வந்தது. கட்டுவதற்குக் கயிறு வேண்டுமே! யுகத்தானின் சுண்ணாம்புப் பாறை மண்ணில் வேறு பயிர் சரியாக வராது, கத்தாழை செழித்தது. 'பச்சைத் தங்கம்' என்றே அதை அழைத்தார்கள். மெரிடாவின் மாளிகை வீதி அந்தப் பணத்தில் எழுந்தது.

நட்ட செடி அறுவடைக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். மடலை வெட்டி, ஓர முள்ளைச் சீவி, ஐம்பது ஐம்பதாகக் கட்ட வேண்டும். கட்டுகளைக் கோவேறு கழுதைகள் சிறு தண்டவாள வண்டியில் இழுத்துவரும். இயந்திரம் சதையைச் சுரண்டியெடுத்த பிறகு நாரை வெயிலில் காயப் போடுவார்கள். மடலின் எடையில் நாராகத் தேறுவது நூற்றுக்கு நாலைந்து பங்குதான்.

வெட்டியவர்கள் பெரும்பாலும் மாயா இனத்தவர். அவர்களுக்குத் தோட்டத்தில் இரண்டு கணக்குகள் இருந்தன. அன்றாடச் சாமான் வாங்கியது 'சிச்சான் குவெந்தா', அதாவது சின்னக் கணக்கு. கல்யாணம் போன்ற செலவுக்கு முதலாளி கொடுத்தது 'நொஹோச் குவெந்தா', பெரிய கணக்கு. பெரிய கணக்கு தீராதவரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையாள். "உங்க தாத்தா கல்யாணத்துக்கு மிராசுதார் வீட்டுல நெல்லும் பணமும் வாங்குனாரு. வாங்குன அன்னைக்கே நாங்க ரெண்டு பேரும் அந்த வீட்டு ஆளாயிட்டோம்" என்று பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. கடலுக்கு அப்பாலும் தாலிக்கயிறே தளைக்கயிறா!

உள்ளூர் ஆட்கள் போதாமல் வடக்கேயிருந்து யாக்கி இனத்தவரை அரசே நாடுகடத்திக் கொண்டுவந்தது. 1905-ல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கொரியர்கள் நான்காண்டு ஒப்பந்தத்தில் வந்திறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்த மறுவருஷமே, 1910-ல், ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. திரும்பிப்போக அவர்களுக்கு நாடே இல்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அந்த வலி கொஞ்சமாவது புரியும்.

மெக்சிகோப் புரட்சிக் காலத்தில், 1914-ல், கடன் அடிமைமுறையை ஒழிக்கும் ஆணை பிறந்தது. மறுவருஷம் வந்த தளபதி சால்வதோர் அல்வராதோ அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1937-ல் குடியரசுத் தலைவர் கார்தெனாஸ் தோட்ட நிலங்களை உழைத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆனால் அதற்குள் கிழக்கு ஆப்பிரிக்கச் சிசல் போட்டிக்கு வந்துவிட்டது. பிறகு செயற்கை இழையும் வந்தது. யாக்ஸ்கோபோயிலில் 1984-ல் நார்த் தொழில் நின்றது.

நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். பாட்டனார் அதைப் பார்க்கவில்லை.

மாளிகையில் எல்லோரும் பழைய நாற்காலிகளைப் படம் எடுத்தார்கள். நான் நாரில் ஓர் இழையை விரலில் சுற்றிப் பார்த்தேன். இழுத்தேன், அறவில்லை. நம் பிள்ளைகள் இந்த முறை ஊருக்குப் போகும்போது ஜன்னலோரம் கத்தாழை தெரிந்தால், அதன் கதையோடு நம்ம வீட்டுப் பெரிய கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.