மகாவலியின் விளைதிறன் கணக்கு: 1968 முதன்மைத் திட்டமும் மினிப்பே இடதுகரையின் வில்கமுவக் கடைக்கோடியும்

மகாவலி கங்கை எத்தனை ஏக்கரை விளைவிக்கும், எவ்வளவு மின்சாரம் தரும் என்ற கேள்விக்கு இலங்கையில் இன்றுவரை மேற்கோளாக நிற்பது 1968 இல் நிறைவுற்ற முதன்மைத் திட்டம் சொன்ன விடைதான். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு சேர்ந்து ஆக்கிய அந்த அறிக்கை, மூன்று கட்டங்களாக 30 ஆண்டுகளில் 900,000 ஏக்கருக்குப் பாசனமும் சுமார் 500 மெகாவாட் மின்வலுவும் கிடைக்கும் எனக் கணித்தது. பின்னர் நடந்ததை இந்த இரண்டு எண்களோடும் ஒப்பிட்டால் விளைவு ஒரே திசையில் போகவில்லை. விக்டோரியா 210, கொத்மலை 201, ரந்தெனிகல 122, ரந்தம்பே 49 என நான்கு நிலையங்களின் பொறித்திறன் மட்டுமே 580 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நிலக் கணக்கோ, குறித்த 30 ஆண்டுகளும் கழிந்து அதற்கு மேலும் இரு தசாப்தங்கள் போன பின்னும் எட்டப்படவில்லை. பொறியின் அளவு வேறு, ஆற்றின் விளைதிறன் வேறு என்பது உண்மைதான். மாலை நேர உச்சத் தேவைக்காகப் பெரிய பொறிகளைப் பொருத்தினால் மெகாவாட் கூடும், ஆண்டு முழுவதும் கிடைக்கும் நீர் கூடாது. ஆனாலும் ஒரே ஆற்றைப் பற்றிய ஒரே அறிக்கையில் ஒரு பாதி மிஞ்சி, மறுபாதி குறைந்து போனதற்குக் காரணம் கேட்காமல் கடந்துவிட முடியாது. அந்தக் காரணம் திட்டத்தை நிறைவேற்றிய விதத்தில் மட்டும் இல்லை, விளைதிறனைக் கணித்த முறையிலேயே பெரும்பங்கு இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு. 30 ஆண்டுகளுக்கென வகுத்த திட்டத்தை 1977 இல் வந்த அரசாங்கம் துரித மகாவலித் திட்டமாக ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்கியது. அவசரத்தில் சில நீர்த்தேக்கங்கள் முந்தின, சில பிந்தின. நிலம் குறைந்தது என்பார்கள். அந்த அவசரம் செலவையும் கடனையும் குடியேற்றத்தின் துயரங்களையும் விளக்கும். நீர்க் குறைவை விளக்காது. 1968 திட்டத்திலேயே இருந்த மொரகஹகந்த நீர்த்தேக்கம், 2017 இல் நீர் நிரப்பத் தொடங்கி 2018 இல்தான் பயனுக்கு வந்தது. தாமதமே முழுக் காரணமானால் அது வந்ததும் கணக்கு நேராகியிருக்க வேண்டும். நேராகவில்லை. முதன்மைத் திட்டத்தின் ஆதரவாளர்கள் இதற்கு மறுமொழியாக, எல்லா அணைகளும் ஒருசேரக் கட்டப்பட்டிருந்தால் எண் சரியாக வந்திருக்கும் என்று வாதிடக்கூடும். அப்படிச் சொல்வது கணிப்பைச் சோதிக்கவே முடியாத இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பதாகும். சோதிக்க முடியாத கணிப்பை விளைதிறன் மதிப்பீடு என்று ஏற்க என்னால் இயலவில்லை.

இங்கே அந்த 900,000 என்ற எண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் புதிதாகப் பாசனம் பெறவிருந்த நிலம் 654,000 ஏக்கர். எஞ்சிய 246,000 ஏக்கர் ஏற்கெனவே பயிரிடப்பட்டுவந்த நிலம். அதாவது மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானது பழைய வயல். பிற்கால எழுத்துகளில் இந்தப் பிரிவு பெரும்பாலும் உதிர்ந்துபோய், ஹெக்டேயராக மாற்றப்பட்ட 365,000 என்ற ஒற்றை எண் மட்டும் நிற்கிறது. எண்ணைச் சுருக்கிச் சொல்வதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் இதுதான்: காடாகக் கிடந்த ஓர் ஏக்கர் பாசனம் பெற்றால் பெரும்போகமும் சிறுபோகமும் ஆக இரண்டு விளைச்சல் புதிதாகச் சேரும், பெரும்போகத்தில் மழையோடும் குளத்தோடும் ஏற்கெனவே விளைந்த ஏக்கருக்கு நீர் கொடுத்தால் சிறுபோகம் ஒன்றே புதிதாகச் சேரும், சில இடங்களில் அந்தச் சிறுபோகத்தின் நிச்சயம் மட்டுமே சேரும். இந்த இருவகை ஏக்கரையும் ஒரே நிரலில் கூட்டினால் வருவது பரப்பளவு. அது விளைச்சல் அல்ல. பழைய ஏக்கர் ஒவ்வொன்றும் சிறுபோகத்தில் கேட்கும் நீர், புதிய ஏக்கர் கேட்கும் நீருக்குக் குறைந்ததல்ல. அதுவும் ஆறு மெலிந்திருக்கும் மாதங்களில் கேட்கப்படுவது. ஆகவே பழைய நிலத்தைக் கூட்டியதால் பயன் பக்கம் பெரிதாகத் தெரிந்தது. தேவைப் பக்கத்தின் நெருக்கடியோ மறைந்தது. இந்த வாசிப்புக்கு நேரடிச் சான்று மெல்லியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 246,000 என்ற எண் தனியே பதிவாகியிருப்பதே, ஆக்கியவர்களுக்கு வேறுபாடு தெரிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. தெரிந்தும் கூட்டுத்தொகையே முன்வைக்கப்பட்டது என்பதுதான் என் முறைப்பாடு.

பழைய நிலம் எப்படிப்பட்டது என்பதற்கு மினிப்பே நல்ல சோதனைக்களம். ரந்தம்பேக்குக் கீழே மகாவலியை மறிக்கும் மினிப்பே அணைக்கட்டிலிருந்து புறப்படும் இடதுகரைக் கால்வாய், நக்கிள்ஸ் மலைகளின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி ஹசலக்க வழியே வடக்கு நோக்கி 74 கிலோமீற்றர் ஓடுகிறது. அது கண்டி மாவட்டத்தில் தொடங்கி மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவுக்குள் நுழைந்து முடிகிறது. இதன் தொன்மை பற்றி உறுதியான முடிவு இல்லை. தாதுசேனன் (459–477) மகாவலியை அணைகட்டி நிரந்தர நீருள்ள வயல்களை ஆக்கினான் எனச் சூளவம்சம் கூறுவதை மினிப்பேயோடு பொருத்துவோர் உளர். முதலாம் அக்கபோதியின் காலத்துக்கு, அதாவது 6 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டுபோவோரும் உளர். ஓர் அரசன் அணையிட மற்றொருவன் கால்வாயை நீட்டியிருக்கவும் கூடும். வரலாற்று நூலின் வரியை இன்றைய ஓர் இடத்தோடு ஒட்டுவதற்குக் கல்வெட்டுத் துணை இல்லாதவரை இதைத் திறந்தே வைப்பது நேர்மை. நம் வாதத்துக்குத் தேவையானது காலம் அல்ல, கால்வாயின் அமைப்பு. சமமட்டக் கோட்டை ஒட்டி ஓடும் இப்படிப்பட்ட வாய்க்காலுக்கு, மலைப்பக்கமிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடையும் வழியில் நீர் சேர்க்கும், அல்லது கரையை உடைக்கும். அணையில் எவ்வளவு நீர் புகுந்தது என்பதை வைத்து 74 ஆவது கிலோமீற்றரில் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வில்கமுவ வயலின் விளைதிறனை மினிப்பே மதகில் அளக்க இயலாது. வில்கமுவவில்தான் அளக்க வேண்டும்.

இயற்கை வளங்களை மதிப்பிடும் கலையில் இந்த வேறுபாடு புதிதன்று. எண்ணெய்த் துறையில் நிலத்தடியில் இருப்பது ஒரு கணக்கு, நுட்பத்தால் எடுக்கக்கூடியது இன்னொன்று, விலைக்குக் கட்டுப்படியாகி எடுக்கப்படுவது மூன்றாவது. மன்னார்க் கடல்படுகையில் 2011 இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் டொராடோ, பரகூடா என்ற இரு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது; 2015 இல் விலகிச் சென்றது; வாயு இன்னும் கடலடியில்தான். கண்டுபிடிப்பை உற்பத்தி என்று எண்ணிய செய்திகளுக்கு அது போதிய பதில். அமெரிக்காவில் கிங் ஹபர்ட் 1956 இல் தன் நாட்டு எண்ணெய் உற்பத்தியின் உச்சத்தைக் கணித்தபோது ஒரே எண்ணைத் தரவில்லை. மொத்த வளம் 15,000 கோடி பீப்பாய் என்றால் உச்சம் 1965 அளவில், 20,000 கோடி என்றால் 1970 அளவில் என்று இரண்டாகத் தந்தார். உச்சம் 1970 இல் வந்தது. நுட்பம் மாறியபின் 2018 இல் அந்த உச்சமும் கடக்கப்பட்டது. எண்ணெய் தீர்ந்துபோகும் பொருள், ஆறு ஆண்டுதோறும் வருவது, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் புதுப்பிக்கப்படும் வளத்துக்கு வரம்புகளோடு கூடிய மதிப்பீடு இன்னும் கூடுதலாகத் தேவை. எண்ணெய் இந்த மாதம் எடுக்கப்படாவிட்டால் அடுத்த மாதம் இருக்கும். மார்கழி வெள்ளத்தைத் தேக்க இடமில்லையென்றால் ஆடியில் அது இல்லை. ஆண்டுச் சராசரி ஓட்டத்தைப் பயிரின் நீர்த்தேவையால் வகுத்து வரும் ஏக்கர், கடலடி வாயுவைப் போன்றதே: இருக்கிறது, எடுக்கப்படவில்லை.

1968 அறிக்கையின் நிலக் கணக்கும் மின் கணக்கும் எதிர்த்திசையில் போனதற்கு, மகாவலியை மறித்துத் திருப்பும் பொல்கொல்ல அணை ஒரு விடை தருகிறது. அங்கே திருப்பப்படும் நீர் சுரங்கம் வழியே உக்குவெலவுக்கும், பின் அம்பன் கங்கைக்கும் போவத்தென்னவுக்கும் போய் வடக்கு வயல்களைச் சேர்கிறது. திருப்பிய ஒவ்வொரு துளியும் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய மூன்று நிலையங்களின் பொறிகளையும் இழக்கிறது. அவற்றுக்குக் கீழே உள்ள மினிப்பேயையும் இழக்கிறது. ஆண்டுக்கு 875 மில்லியன் கனமீற்றர் என்ற வரம்பு அங்கே வைக்கப்பட்டது இந்த இழுபறியின் காரணமாகத்தான். ஆற்றில் நேராகக் கீழே வரும் நீருக்கு வேறொரு நெருக்கடி. மின்தேவையின் நேரத்துக்கு ஏற்ப ரந்தம்பேயிலிருந்து விட்டுவிட்டு வரும் நீரை, தேக்க இடமில்லாத பழைய அணைக்கட்டு முழுமையாகப் பிடிக்காது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியோடு மினிப்பே அணைக்கட்டை 3.5 மீற்றர் உயர்த்தவும், இடதுகரைக் கால்வாய் முழுவதையும் புனரமைக்கவும் எடுத்த முடிவின் பொருள் இதுதான். அதன் இலக்கு ஏற்கெனவே பயிரிடும் விவசாயிகளுக்கு நிச்சயமான நீர். 1968 ஏக்கரைக் கூட்டியது. அரை நூற்றாண்டு கழித்து வந்த இந்த வேலை நிச்சயத்தைக் கூட்ட முனைந்தது. கணிப்பில் விடுபட்டதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

கடைக்கோடிப் பற்றாக்குறை கணிப்பின் பிழையல்ல, தலைப்பக்க விவசாயிகள் அளவுக்கு மிஞ்சி நீர் எடுப்பதன் விளைவு என்பது வலுவான மறுப்பு. அதில் உண்மை உண்டு. 1970களின் பிற்பகுதியில் மினிப்பேயில் விவசாயிகளையே நீர்ப் பங்கீட்டில் சேர்த்து நீர்ப்பாசனத் திணைக்களம் எடுத்த முயற்சி இதை உணர்ந்துதான் தொடங்கியது. ஆனால் நீர் விரைந்து வடியும் செங்கபில மண்ணில் சிறுபோகத்துக்கு மறுவயற் பயிர் நடுவார்கள் என்று எண்ணித் திட்டமிட்டு, அங்கே நெல் நடப்பட்டபோது நீர் போதவில்லை என்றால், பிழை நட்டவர் பக்கம் மட்டும் ஆகாது. விவசாயி என்ன நடுவார் என்பதும் விளைதிறனின் ஒரு கூறு. நிலத்துக்கும் அப்படியே வேறு உரிமையாளர்கள் உண்டு: 1984 இல் வில்கமுவவுக்கு அருகே 39,000 ஹெக்டேயருக்கு மேல் வஸ்கமுவத் தேசியப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது மகாவலித் திட்டத்தின் விளைவாகவே. வில்கமுவ வயல்களில் இன்றும் இரவில் யானைக் காவல் இருக்க வேண்டியுள்ளது. காவலுக்கு ஆளில்லாத ஏக்கர், நீர் வந்தாலும் விளையாது.

ஆகவே என் தீர்ப்பு இது. 900,000 ஏக்கர் மகாவலியின் விளைதிறன் அல்ல, ஓர் உச்ச வரம்பு மட்டுமே. அதை இனியும் இலக்காக மேற்கோள் காட்டுவதை நிறுத்த வேண்டும். அதன் இடத்தில் வரவேண்டிய மதிப்பீடு போகம், இடம், எத்தனை ஆண்டில் எத்தனை ஆண்டு நீர் கிடைக்கும் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வதாக இருக்க வேண்டும். அதற்கு முதல் தேவை, மினிப்பே இடதுகரையின் வில்கமுவப் பகுதியில் சிறுபோகம்தோறும் வந்து சேர்ந்த நீரளவின் பதிவுகள். உரிய திணைக்களங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்கும் அந்த விவசாயிகளுக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.