மேடானின் மேஜர்: சோங் ஆ ஃபீயின் வணிகமும் குடும்பமும்

கிழக்குச் சுமத்ராவின் டெலிப் பகுதியில் 1863ஆம் ஆண்டு நீன்ஹெய்ஸ் என்னும் டச்சுக்காரர் புகையிலை பயிரிடத் தொடங்கியதன் விளைவாக, சுருட்டின் மேலுறைக்கு உகந்த மெல்லிய இலைக்கு ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலை கிடைத்து, காடாகக் கிடந்த அந்நிலம் சில பத்தாண்டுகளுக்குள் பெருந்தோட்டங்களின் நாடாக மாறியது. உள்ளூர் மலாய் மக்கள் தோட்டக்கூலிக்கு உடன்படாமையால், தென்சீனத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர்த் தரகர்கள் வழியாகவும் பின்னர் நேரடியாகவும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். குவாங்டோங் மாநிலத்து மெய்சியான் வட்டாரத்தில் 1860ஆம் ஆண்டு பிறந்த ஹக்கா இனத்தவரான சோங் ஆ ஃபீ, ஏறத்தாழப் பதினெட்டு வயதில் இம்மண்ணுக்கு வந்தபோது, அவருடைய தமையன் சோங் யோங் ஹியான் அங்கு ஏற்கெனவே காலூன்றியிருந்தார்.

சோங் சகோதரர்களின் வரலாற்றில் குடும்பத்தையும் நிறுவனத்தையும் பிரித்துக் காண இயலாது. கடல்கடந்த சீன வணிகத்தில், வங்கிகள் பரவுவதற்கு முன், ஒருவருக்குக் கடன் கிடைப்பதும் சரக்கு கிடைப்பதும் அவருடைய ஊரையும் குலத்தையும் சார்ந்திருந்தன. அண்ணன் பெற்ற நற்பெயரே தம்பியின் முதலாயிற்று. பினாங்கில் புகழ்பெற்ற சியோங் ஃபாட் சே, இவர்களைப் போலவே ஹக்கா இனத்தவராக இருந்ததால், இவர்களுடைய முயற்சிகள் பலவற்றில் கூட்டாளியானார்.

இச்செல்வத்தின் ஊற்று எதுவென்பதை மறைக்காமல் கூறியாக வேண்டும். காலனி அரசு சில வரிகளைத் தானே தண்டாமல், அவ்வுரிமையை ஏலத்தில் விட்டு, ஆண்டுதோறும் ஒரு தொகையை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளும் குத்தகை முறையைக் கையாண்டது. அபின் விற்பனை, சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் குத்தகைகள் இவ்வாறு சீன வணிகரிடம் சென்றன. டெலியில் அவை சோங் குடும்பத்தின் கைக்கு வந்தன. ஒப்பந்தத்தை மீறிய கூலியாளைத் தண்டிக்க 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் இடமளித்த அத்தோட்டங்களில், நாள் முழுதும் உழைத்தவர் ஈட்டிய பணத்தின் பெரும்பகுதி மாலையில் அபினாகவும் சூதாகவும் கரைந்து குத்தகைக்காரரிடமே சேர்ந்தது. சோங் ஆ ஃபீயின் கொடைகளைப் போற்றுவோர் பலர் இப்பகுதியை விரைவாகக் கடந்துவிடுகின்றனர். அக்கொடைகளின் பெருமை உண்மையானதே. எனினும் பெயர் தெரியாத அக்கூலியாட்களின் பங்கும் அதில் உண்டு என்பதை வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

டச்சு அரசு சீன மக்களை அவர்களுடைய தலைவர்கள் வழியாகவே ஆண்டது. அத்தலைவர்களுக்கு அது வழங்கிய லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்னும் பட்டங்களுக்கும் படைத்துறைக்கும் தொடர்பில்லை. வழக்குத் தீர்ப்பதும் வரி வாங்கித் தருவதும் இப்பதவிகளின் கடமை. 1911ஆம் ஆண்டு தமையன் மறைந்தபின் சோங் ஆ ஃபீ டெலியிலுள்ள மேடான் நகரின் மேஜர் பதவிக்கு உயர்ந்தார். அதற்கு முன்பே, 1906ஆம் ஆண்டில், சகோதரர் இருவரின் பெருமுதலீட்டில் எழுந்த சாவோசோ–சாந்தோ இருப்புப்பாதை சீனத்தில் திறக்கப்பட்டிருந்தது. டெலிக்குக் கூலியாட்கள் கப்பலேறிய துறைமுகமே சாந்தோ என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மேடானின் கெசாவான் தெருவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுப்பிய மாளிகை, நடுவே திறந்த முற்றமும் முன்னோர் வழிபாட்டுக் கூடமும் கொண்ட சீன அமைப்போடு ஐரோப்பிய, மலாய்க் கூறுகளையும் இணைத்துக்கொண்டது. சீனத்திலிருந்த முதல் மனைவியை அடுத்து மேலும் இருமுறை மணந்த அவர், மூன்றாம் மனைவியான லிம் கூய் யாப்புடன் இவ்வில்லத்தில் வாழ்ந்து ஏழு மக்களைப் பெற்றார். பெண்கள் உள்ளறையோடு நின்றுவிட்ட அக்காலச் செல்வர் குடும்பங்களினின்று மாறுபட்டு, லிம் கூய் யாப் விருந்தினரை வரவேற்கும் இல்லத்தலைவியாக விளங்கினார். இம்மக்களுள் மூத்த மகள் குயீனி சாங் முதுமையில் எழுதிய நினைவுநூலில், மக்கள்மீது பேரன்பு கொண்ட தந்தையாகவே அவர் வெளிப்படுகிறார். மகள் எழுதிய நூலாதலின் அதில் பாசம் மிகுந்திருப்பது இயல்பே. ஆயினும் ஒரு குத்தகை வணிகரின் வீட்டு வாழ்வை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் சான்றுகள் அரியவை.

டெலி சுல்தானின் ஆட்சியில் 1909ஆம் ஆண்டு நிறைவுற்ற மஸ்ஜித் ராயா பள்ளிவாசலின் கட்டுமானச் செலவில் அவர் கணிசமான பங்கேற்றார். நகர மன்றக் கட்டடத்தின் கடிகாரமும் அவர் அளித்ததே. பல சமயத்தார் கூடிவாழ்ந்த ஊர் அது. வடிகால் வெட்டவும், சாலை அமைக்கவும், மாட்டுவண்டி ஓட்டவும் டெலிக்கு வந்த தமிழர் 1884ஆம் ஆண்டிலேயே மேடானில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியிருந்தனர். இத்தகைய நகரில் ஒரு சீனத் தலைவர் தம் இனத்தாருக்கு மட்டுமே ஈந்திருந்தால் அவருடைய செல்வாக்கு நிலைத்திருக்காது என்பது மெய்யாயினும், கணக்கு மட்டுமே அக்கொடைகளைத் தூண்டியது என்று கருத அவருடைய விருப்ப ஆவணம் இடந்தருவதில்லை.

1921ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் அவர் மறைந்தார். தம் சொத்துகளைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளித்துவிடாமல், மேடானிலும் பிறந்த ஊரிலும் அமையவேண்டிய துன் முக் தோங் என்னும் அறக்கட்டளையின் பொறுப்பில் விட வேண்டுமென அந்த ஆவணத்தில் அவர் பணித்திருந்தார். ஆற்றல்மிக்க இளைஞரின் கல்விக்கும், உடற்குறையால் உழைக்க முடியாதோருக்கும், பேரிடருக்கு ஆளானோருக்கும், இனமோ நாடோ பாராமல் உதவுவது அவ்வறக்கட்டளையின் கடமை என வகுக்கப்பட்டது. கெசாவான் மாளிகை குடும்பத்தார் கையிலேயே நிலைத்து, அவர் பிறந்த 150ஆம் ஆண்டை ஒட்டி, 2009ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது.