இணையத் தொலைபேசி: அயல்நாட்டு அழைப்புக் கட்டணமும் மாற்றுவழிகளும்

மனிதக் குரலைச் சிறு தரவுப் பொதிகளாக்கி, தொலைபேசி இணைப்பகங்களின் வழியாக அல்லாமல் இணையத்தின் வழியாக அனுப்பிப் பேசும் முறை இணையத் தொலைபேசி எனப்படும். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இதன் பெயர் ‘நெட் போன்’. காட்சியுடன் பேசுவது, பலர் சேர்ந்து பேசுவது போன்ற வசதிகள் பின்னர் சேர்ந்தவை. எஸ்.டி.டி. (வெளியூர்), ஐ.எஸ்.டி. (வெளிநாட்டு) அழைப்புக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகவே நெடுங்காலம் மக்கள் இதை நாடினர். இந்தியாவிலும், குறிப்பாகத் தமிழ்நாட்டிலும் அங்கிருந்து வெளிநாடு சென்றோரிடையேயும் அது பரவிய விதம் இக்கட்டுரையில் கூறப்படுகிறது.

கட்டண முறையின் பின்னணி

வெளியூர் அழைப்புகள் தொடக்கத்தில் ‘ட்ரங்க் கால்’ ஆக இருந்தன. ஆபரேட்டரிடம் பதிவுசெய்து காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், ‘லைட்னிங்’ என்று வகைக்கேற்பக் கட்டணம் ஏறும். ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாகச் சுழற்றும் எஸ்.டி.டி. வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதலில் வந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து எஸ்.டி.டி. பூத்துகள் ஊர்தோறும் பெருகின. கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர், அழைப்பு முடிந்ததும் கிர்ரென்று வெளிவரும் சிறு ரசீது ஆகியவை அவற்றின் அடையாளங்கள். இரவில் கட்டணம் கால்பங்காகக் குறையும் என்பதால் பின்னிரவில் வரிசை நிற்பது வழக்கம்.

அயல்நாட்டு அழைப்பின் விலைக்குத் தூரம் ஒரு சிறு காரணம் மட்டுமே. அழைப்பு புறப்படும் நாட்டின் தொலைபேசி நிறுவனம், அது சென்றடையும் நாட்டின் நிறுவனத்துக்கு நிமிடக்கணக்கில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது நாடுகளிடையே இருந்த ஏற்பாடு. இந்தியாவிலிருந்து வெளியே செல்வதைவிட உள்ளே வரும் அழைப்புகளே அதிகம் என்பதால், இப்பங்கு அந்நியச் செலாவணி வரவாகவும் அமைந்தது. 1986 முதல் அயல்நாட்டு அழைப்புகளுக்கான வாயிலை விதேஷ் சஞ்சார் நிகாம் (வி.எஸ்.என்.எல்.) என்ற அரசு நிறுவனம் ஒன்றே வைத்திருந்தது. 1990களில் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு நிமிடம் பேச 60 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. இணையத்திலோ ஓர் ஊருக்கும் இன்னொரு கண்டத்துக்கும் கட்டண வேறுபாடு கிடையாது. இந்த முரண்பாடே நெட் போனின் முதலீடு.

தொழில்நுட்பத் தொடக்கம்

1974இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் குரலை அனுப்பும் சோதனைகள் நடந்தன. பொதுமக்களுக்கான முதல் மென்பொருளாகப் பெரும்பாலும் குறிப்பிடப்படுவது இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் 1995 பிப்ரவரியில் வெளியிட்ட ‘இன்டர்நெட் போன்’. அதன் முதல் வடிவில் ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவர் பேச முடியும். இரு முனையிலும் கணினி, ஒலி அட்டை, ஒரே மென்பொருள் எல்லாம் இருந்தாக வேண்டும். 1996 மார்ச்சில் அமெரிக்காவின் சிறு தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் ஒன்று, இம்மென்பொருள்களின் விற்பனையைத் தடுக்கும்படி அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனு கொடுத்தது, தடை விதிக்கப்படவில்லை. அதே ஆண்டு வந்த நெட்2போன், கணினியிலிருந்து சாதாரணத் தொலைபேசி எண்ணையே அழைக்க வழிசெய்தது.

இந்தியாவில் தடைக்காலம்

வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது. 1998இல் அரசு தனியாருக்கு அனுமதி தந்தபோது, இணையம் வழியே தொலைபேசிச் சேவை நடத்தக் கூடாது என்பது உரிம நிபந்தனையாயிற்று. ஐ.எஸ்.டி. வருவாய்க்கு வரக்கூடிய இழப்பே காரணம் என்று பரவலாகக் கருதப்பட்டது. நெட் போன் தளங்களை வி.எஸ்.என்.எல். முடக்குவதாக டெல்லி உயர் நீதிமன்றம் வரை முறையீடு சென்றது. தடை எந்த அளவு செல்லுபடியாயிற்று என்பதில் கருத்துகள் ஒத்துப்போவதில்லை. சாட் மென்பொருள்களில் பேச்சு வசதி சேர்ந்துவிட்ட பிறகு, கணினிக்குக் கணினி பேசுவோரைத் தடுப்பது நடைமுறையில் இயலாததாகவே இருந்திருக்க வேண்டும்.

பிரௌசிங் சென்டர் காலம் (2002–2008)

2002 மார்ச் 31உடன் அயல்நாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல்.லின் தனியுரிமை முடிந்தது. மறுநாள், ஏப்ரல் 1 முதல், இணையத் தொலைபேசி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. கணினிக்குக் கணினி பேசலாம். இந்தியக் கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். ஆனால் இந்தியாவுக்குள் கணினியிலிருந்து தொலைபேசி எண்ணை அழைக்க முடியாது. ஆகவே சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்கு நெட் போனில் பேசலாம், மதுரையிலுள்ள தொலைபேசிக்குப் பேசக் கூடாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு நெட் போனைக் கொண்டுசேர்த்தவை பிரௌசிங் சென்டர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனத்தின் ‘ஐவே’ மையங்களும், பேருந்து நிலையத்தின் எதிரிலும் கல்லூரிச் சாலைகளிலும் இருந்த தனிக் கடைகளும் வாசலில் ‘நெட் டு போன்’ என்று எழுதி வைத்தன. ஒட்டுப்பலகைத் தடுப்புகளுக்கு இடையே ஒரு கணினி, பஞ்சு உதிர்ந்த ஹெட்போன், வாய்க்கு நேராக வளைத்துவைக்க வேண்டிய மைக். கடைப் பையன் எண்ணை அடித்துக் கொடுப்பான். ஹெட்போன் ஒன்றுதான் என்பதால் அப்பா, அம்மா, பாட்டி என்று முறைவைத்து மாட்டிக்கொள்வார்கள்; வெளிநாடு என்றால் உரக்கப் பேச வேண்டும் என்ற ட்ரங்க் கால் காலத்துப் பழக்கத்தில், மகனின் சம்பளமும் மருமகளின் மசக்கையும் கடை முழுவதற்கும் கேட்கும்.

குரல் தாமதம் இக்காலத்தின் பெருங்குறை. வழக்கமான தொலைபேசி ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் ஒதுக்குகிறது; டயல்-அப் இணைப்பின் உச்சமே 56 கிலோபிட். எனவே குரலை 8 கிலோபிட் அளவுக்குச் சுருக்கி அனுப்பினர். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை. அது மீறும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, இருவரும் “நீ சொல்லு” என்பார்கள். “ஹலோ, கேக்குதா?” என்ற கேள்விக்கே காசில் ஒரு பங்கு போய்விடும். தானே பேசியது எதிரொலியாகத் திரும்பி வருவதும் உண்டு. அனுபவப்பட்டோர் வாக்கியத்தை முடித்துச் சற்று நிறுத்தும் பழக்கத்தைக் கைக்கொண்டனர்.

கடைச் சுவரில் ஒட்டிய கட்டணப் பட்டியல் கவனத்துக்குரியது. தொலைபேசி நிறுவனங்களிடையே போட்டி மிகுந்த அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகியவை அதில் மலிவான நாடுகள். நிமிடத்துக்குச் சில ரூபாயில் முடியும். அரபிக் கடலுக்கு அப்பால் அருகிலேயே இருக்கும் சவுதி அரேபியாவுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் கட்டணம் அவற்றைவிட அதிகம். அங்கே அழைப்பை வாங்கிச் சேர்க்கும் நிறுவனம் ஒன்றோ இரண்டோதான்; அது சொன்னதே விலை. இதனால் அமெரிக்காவில் இருந்த மென்பொருள் பொறியாளரின் பெற்றோருக்குக் கிடைத்த சலுகை, வளைகுடாவுக்குச் சென்ற கட்டடத் தொழிலாளியின், இராமநாதபுரத்திலோ தஞ்சை மாவட்டத்திலோ இருந்த மனைவிக்கு அதே அளவில் கிட்டவில்லை.

நெட் போனின் போட்டிதான் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. விலைகளை வீழ்த்தியது என்ற கருத்து உண்டு. தனியார் நிறுவனங்களின் வரவே முதன்மைக் காரணம் என்போரும் உளர். 2002 ஜனவரியில் 1000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட எஸ்.டி.டி. அழைப்பு நிமிடத்துக்கு 24 ரூபாயிலிருந்து 9 ரூபாயாகக் குறைந்தபோது நெட் போன் சட்டப்படி வந்திருக்கவில்லை. அதே ஆண்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கம்பிவடமும் விலைச் சரிவில் பங்குபெற்றிருக்கலாம்.

வளைகுடாவும் ஈழத்தமிழரும்

வளைகுடா நாடுகள் பலவற்றில் உரிமம் பெறாத இணைய அழைப்பு தடைசெய்யப்பட்டிருந்தது. தொழிலாளர் முகாம்களில் கைபேசிக்கான ‘டயலர்’ மென்பொருளும், கைமாறும் ரகசிய எண் அட்டைகளும் புழங்கின. அங்கிருந்து இணையத்தில் வரும் குரலை இந்தியாவில் ஏராளமான சிம் அட்டைகள் செருகிய ‘சிம் பாக்ஸ்’ கருவி உள்ளூர் அழைப்பாக மாற்றும். துபாயில் இருக்கும் கணவர் பேசும்போது, கைபேசித் திரையில் முன்பின் தெரியாத ஓர் இந்திய எண் தோன்றுவது இதனால்தான். திரும்ப அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. இத்தகைய கள்ள இணைப்பகங்களைக் காவல்துறையும் தொலைத்தொடர்புத் துறையும் அவ்வப்போது கண்டுபிடித்து மூடின.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய ஈழத்தமிழரிடையே தொலைபேசி அட்டைகளே செல்வாக்குப் பெற்றிருந்தன. சுரண்டி எடுக்கும் எண்ணை அழுத்திப் பேசும் அவ்வட்டைகள் பலவற்றில், பேசுவோர் அறியாமலே இடைவழி இணையமாக இருந்தது.

செயலிகளின் காலம்

2003 ஆகஸ்டில் வந்த ஸ்கைப், 2010இல் வந்த வைபர், வளைகுடாத் தமிழரிடையே பரவிய இமோ ஆகியவை பிரௌசிங் சென்டரின் தேவையைப் படிப்படியாக அகற்றின. வாட்ஸ்அப் 2015இல் குரல் அழைப்பையும் 2016 நவம்பரில் காணொளி அழைப்பையும் கொண்டுவந்தது.

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் பின்வாங்கியது. மறு ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட கருத்துக்கேட்பு அறிக்கைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. உள்ளடக்கத்துக்கேற்ப வேறுவேறு தரவுக் கட்டணம் வாங்குவது 2016 பிப்ரவரியில் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜியோ கைபேசி நிறுவனம் வந்த பிறகு, உள்நாட்டு அழைப்பில் தவிர்ப்பதற்கென்று தனிக் கட்டணம் ஏறக்குறைய இல்லாமற்போனது. இந்தியாவுக்குள் இணையத்திலிருந்து தொலைபேசி எண்ணை அழைக்க உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு 2018இல் அனுமதி கிடைத்தது.

அண்மைக்காலம்

சவுதி அரேபியா 2017இல் இணைய அழைப்புத் தடையைத் தளர்த்தியது. அமீரகத்தில் போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளே பெருவழக்கில் உள்ளன. ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டது.

செயலிகளைத் தொலைபேசி நிறுவனங்களைப் போல உரிமத்துக்குள் கொண்டுவர வேண்டுமா என்ற விவாதம் இந்தியாவில் தொடர்கிறது. காசு மிச்சம்பிடிக்கப் பயன்பட்ட கள்ளவழிகள் இப்போது, காவல்துறையினர் போல அழைத்து மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ போன்ற மோசடிகளுக்கு உதவுகின்றன. வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணாக வேடமிட்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. உள்நாட்டிலேயே இயங்கும் சிம் பாக்ஸ்களைக் கண்டறிவது தனிப் பணியாக நடைபெறுகிறது.