குப்பி விளக்கின் கதை

வீட்டில் நேரும் விபத்துக்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மனிதரின் கவனக்குறைவையே சாடுகின்றோம். குழந்தை ஓடியது, விளக்குச் சரிந்தது, தாய் பார்த்திருக்க வேண்டும் என்கின்றோம். அவ்விளக்கு ஏன் அத்துணை எளிதிற் சரிந்தது என்று கேட்போர் சிலரே. அவ்வாறு கேட்ட ஒருவர் நம் நாட்டிலேயே தோன்றினார். அவரிடம் செல்லுமுன் எண்ணெயின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நம் முன்னோர் தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும் நல்லெண்ணெயும் வார்த்து விளக்கேற்றினர். இவை திரியின் துணையின்றி எளிதிற் பற்றா. விளக்குக் கவிழ்ந்தாற் பெரும்பாலும் சுடர் அணையும், தரை அழுக்காகும், அவ்வளவே. மண்ணெண்ணெயின் இயல்பு வேறு. 1859 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே எட்வின் டிரேக் என்பார் எண்ணெய்க் கிணறு துளைத்த பின்னர் அது மலிந்து உலகெங்கும் பரவிற்று. அக்காலத்தில் விலைபோகாதிருந்த நப்தாவை வணிகர் சிலர் அதனோடு கலந்து விற்றனர், விளக்குகள் வெடித்தன. பிரித்தானியாவில் பிரெடரிக் ஏபெல் என்னும் இரசாயன அறிஞர், எண்ணெயின் ஆவி எவ்வெப்பநிலையிற் பற்றும் என்று சோதிக்கும் கருவியொன்றை அமைத்தார். 1879 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கருவியின்படி 73 பாகை பரனைற்றை எல்லையாக வகுத்தது. அஃது ஏறத்தாழ 23 பாகை செல்சியசு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நண்பகலில் வீட்டினுள்ளே இதனினும் வெப்பம் மிகுதி என்பதை நேயர்கள் அறிவீர்கள். இலண்டனின் குளிருக்கு வகுத்த எல்லை நமக்கு எவ்வளவு காப்பளிக்கும்?

காலப்போக்கில் எண்ணெய் திருந்தியது. ஏழையின் விளக்குத் திருந்தவில்லை. சிமினி வைத்த மேசைவிளக்கு வசதியுள்ளோர்க்கே வாய்த்தது. ஏனையோர் வெறும் மருந்துப் போத்தலில் எண்ணெய் ஊற்றி, தகர மூடியிலே துளையிட்டுத் திரி செருகினர். அதுவே குப்பி விளக்கு. உயரம் மிகுதி, அடி ஒடுக்கம், எடை குறைவு, மூடியோ இறுக்கமில்லை. கை பட்டாற் சாயும். சாய்ந்தால் எண்ணெய் சிந்தும். சிந்திய எண்ணெயைத் திரியின் சுடர் உடனே பற்றும்.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளானபோது, ஜாம் போத்தலின் அடியிற் சிறிதளவு எண்ணெயை வைத்துச் சுடரைப் போத்தலுக்குள்ளேயே எரித்தனர். சிக்கனம் கருதிச் செய்ததே அது. எனினும், அகன்ற போத்தலும் அற்ப எண்ணெயும் ஓரளவு காவலாயின. அவ்வொளியிலே கண்ணைச் சுருக்கிப் படித்தவருள் யானும் ஒருவன்.

தெற்கிலே, குப்பி விளக்காற் கருகி வந்தோருக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992 அளவில் விளக்கையே மாற்றத் துணிந்தார். அவருக்கு வழிகாட்டியது மார்மைற் போத்தல்! குட்டையானது, கனமானது, எளிதிற் கவிழாதது. அவர் ஆக்கிய விளக்குக்கு நல்விளக்கு என்னும் பொருள்படச் 'சுதீப' என்று பெயர். தடித்த கண்ணாடி விழினும் இலகுவில் உடையாது. இரு பக்கங்கள் தட்டையாதலின், சாய்ந்தாலும் உருண்டோடாது. திருகி மூடும் உலோக மூடி எண்ணெயைச் சிந்தவிடாது. இதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பல இலட்சம் விளக்குகள் நாட்டின் குடிசைகளை அடைந்தன. வைத்தியர் ஒருவர் மருந்தை விடுத்துப் போத்தலைத் திருத்தியது, என் மதிப்பில், நம் நாட்டு மருத்துவ வரலாற்றிற் சிறந்த செயல்களுள் ஒன்று.

பின்னர் மின்னிணைப்பு ஏறக்குறைய எல்லா இல்லங்களையும் எட்டிற்று. விளக்குகள் பரணேறின. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலமாக நீண்டபோது அவை மீண்டும் இறங்கின. அந்நாட்களில் ஒரு வகுப்பிலே, வீட்டில் எதன் ஒளியிற் படிக்கின்றீர்கள் என்று வினவினேன். மெழுகுதிரி என்றனர் பலர். பின்வரிசைச் சிறுமியொருத்தி மட்டும், "போத்தல் விளக்கு, ஐயா" என்றாள். எவ்வளவு பெரிது என்றேன். மேசைமீது கையை ஒரு சாண் உயரத்துக்கு நிறுத்திக் காட்டினாள்.