தொலைகாட்டி ஆடியின் தூய்மை: ஒரு வரலாற்று நோக்கு

அறிவியலின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவிகளைப் பேணியோரின் உழைப்பு அதில் இடம்பெறுவது அரிது. தொலைகாட்டியின் ஆடியைத் துப்புரவாக்கல் என்னும் சிறு செயலை எடுத்துக்கொண்டு, அதன் பின்னுள்ள உழைப்பையும் அறிவையும், இணுவில் போன்றதொரு யாழ்ப்பாணக் கிராமத்தின் சூழலை மனங்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நவீன வானியலோடு யாழ்ப்பாணத்துக்குள்ள தொடர்பு புதியதன்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியல் பாடமாக விளங்கிற்று. 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தையொட்டி, உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பையும் ஐரோப்பியக் கணிப்பையும் டானியல் பூவர் ஒப்பிட்டுக் காட்டியமை சமய விவாதமாகவும் உருக்கொண்டது. 1855இல் செமினரி மூடப்பட்டது. அது வளர்த்த வானியல் கணிதமாகவும் வாதமாகவும் நிலைத்ததேயன்றி, கருவி செய்யும் கைத்தொழிலாக இம்மண்ணில் வேரூன்றவில்லை. இந்த இடைவெளியின் பொருளை உணர, ஆடியின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1668இல் நியூற்றன் அமைத்த தெறிப்புத் தொலைகாட்டியின் ஆடி உலோகத்தாலானது. பின்வந்த பெரிய ஆடிகளும் செம்பும் வெள்ளீயமும் கலந்தே வார்க்கப்பட்டன. இவ்வுலோகம் ஈரக்காற்றில் விரைவில் மங்கும். மங்கிய ஆடியை ஒளிரச் செய்ய அதை மீண்டும் தேய்த்து மெருகிட வேண்டும். தேய்க்குந்தோறும் அதன் நுண்ணிய வளைவு கெடும் அபாயம் உண்டு. ஆகவே அக்காலத்தில் ஆடியைத் துப்புரவாக்குதல் என்பது ஏறத்தாழ ஆடியை மீண்டும் படைத்தலேயாகும். வில்லியம் ஹேர்ஷல் 1789இல் நிறைவேற்றிய 48 அங்குல ஆடியை மெருகிடத் தொழிலாளர் பலர் தேவைப்பட்டனர். அவர்களின் உடைகளில் எண்கள் இடப்பட்டிருந்தன. அவ்வெண்களாலேயே அவர்கள் ஏவப்பட்டனர். ஹேர்ஷலின் பெயரை உலகம் அறியும். அவர்கள் எண்களாகவே நின்றுவிட்டனர்.

பேணும் அறிவின்றிக் கருவி மட்டும் பயணம் செய்தால் விளைவது யாது என்பதற்கு மெல்பேண் ஒரு சான்று. டப்ளினில் செய்யப்பட்ட 48 அங்குலத் தொலைகாட்டி 1869இல் அங்கு நிறுவப்பட்டது. கடற்பயணத்தில் மங்காதிருக்க அதன் ஆடிக்கு அரக்குப் பூச்சு இடப்பட்டிருந்தது. அப்பூச்சை அகற்ற முற்பட்டபோது மேற்பரப்பு பழுதுற்றது. திரும்ப மெருகிடும் தேர்ச்சியோ எளிதிற் கிடைப்பதாயில்லை. பெருஞ்செலவில் வந்த கருவி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

இச்சிக்கலுக்கு விடை 1856–57 ஆண்டுகளில் கிட்டியது. ஸ்ரைன்ஹைலும் பூக்கோவும் கண்ணாடியை வளைவாகக் கடைந்து, அதன்மேல் வெள்ளியை மெல்லிய படலமாகப் படியச் செய்தனர். வெள்ளி மங்கினால் அமிலத்தாற் கரைத்துப் புதிதாகப் படியவைக்கலாம். கண்ணாடியின் வளைவு மாறாது. வடிவமும் ஒளிர்வும் இவ்வாறு வேறாக்கப்பட்டமை ஆடியின் வரலாற்றில் பெருந்திருப்பமாகும். 1930களில் ஜோன் ஸ்ரோங் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசும் முறையை வளர்த்தார். 1935இல் மவுண்ட் வில்சனின் 100 அங்குல ஆடியும் அலுமினியப் பூச்சுப் பெற்றது.

அப்பூச்சின் தடிப்பு ஏறத்தாழ 100 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்புறத்தே பாதுகாப்பாக உள்ளது. தொலைகாட்டியிலோ அது முன்புறத்தே காற்றுக்கும் தூசிக்கும் திறந்து கிடக்கிறது. இணுவிலின் சூழல் இங்கேதான் முக்கியத்துவம் பெறுகின்றது. சோளகக் காற்றிற் பறக்கும் செம்மண் தூசியில் இரும்பொட்சைட்டும் குவாட்சு மணல் துகள்களும் உண்டு. குவாட்சு கண்ணாடியிலும் வன்மையானது. தூசி படிந்த ஆடியைத் துணியால் துடைப்பவர் தம்மையறியாமலே அதை அராவுகின்றார். எமது வீடுகளில் குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது நன்கு பழகிய செயல். ஆயின் புளியின் அமிலமும் சாம்பலின் காரமும் அலுமினியத்தை அரிப்பன. விளக்குக்கு அழகு தரும் முறை ஆடிக்குக் கேடு.

எனவே முதல் விதி, தேவையின்றித் தொடாமை. சிறிதளவு தூசி தடுக்கும் ஒளி மிகச் சிறிதே. பயன்படுத்தாத வேளையில் மூடிவைத்தலே சிறந்த காப்பு. தூசி மிகுந்தால் இறப்பர்க் குமிழால் காற்றூதலாம். வாயால் ஊதலாகாது, எச்சில் படியும். அதற்கும் போகாத அழுக்கெனின், மோதிரங்களைக் கழற்றிக் கைகளைக் கழுவியபின் ஆடியைக் கவனமாக வெளியே எடுத்து, முதலில் நீரோட்டத்தால் மணல் துகள்களை அகற்ற வேண்டும். பின்னர் காரமற்ற சலவைத் திரவம் சில துளிகள் கலந்த நீரில் ஊறவைத்து, தூய பஞ்சை அழுத்தாது, அதன் சொந்தப் பாரத்தாலேயே ஒரே திசையில் இழுத்துச் செல்லலாம். ஒரு முறை இழுத்த பஞ்சை மீண்டும் பயன்படுத்தலாகாது. இறுதியில் அலசுவதற்குக் கிணற்றுநீர் உதவாது. சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறிவரும் எமது வன்னீர் உலரும்போது வெண்புள்ளிகளை விட்டுச்செல்லும். காய்ச்சி வடித்த நீரே தக்கது. அலசியபின் துடையாது, சாய்த்து நிறுத்தித் தானே உலர விடவேண்டும்.

இவ்வறிவைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பதற்குத் தமிழகத்தின் காவலூர் சான்றாகும். வேணு பாப்புவின் முயற்சியால் உருவான 2.34 மீற்றர் ஆடி பெங்களூரிலேயே மெருகிடப்பட்டது. அத்தொலைகாட்டி 1986இல் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு அலுமினியம் பூசும் வெற்றிடக் கலமும் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரிலேயே அமைந்தது. இலங்கையிலோ, மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளாக் நிறுவகத்தின் 45 சதமமீற்றர் தொலைகாட்டி 1996இல் ஜப்பானின் நன்கொடையாகக் கிட்டியது. நன்கொடையைப் பெறுதல் இழுக்கன்று. ஆயின் பழுதுற்ற கருவிக்காகப் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது, அரசியல் விடுதலையின் பின்னும் தொடரும் சார்புநிலையாகும்.

வட்டுக்கோட்டையில் வானைக் கணிக்கக் கற்ற சமூகம், வானைக் காட்டும் ஆடியைப் பேணவும் கற்றல் வேண்டும். அதற்குரிய செய்முறை அறிவு தமிழிலே எழுதப்பட்டு, எமது பாடசாலை ஆய்வுகூடங்களிற் பயிற்சியாகவும் இடம்பெறுதல் அவசியமாகும். அப்பயிற்சியைத் தருவோரும் பெறுவோரும் அறிவியலின் வரலாற்றில் எண்களாக அன்றிப் பெயர்களோடு இடம்பெறல் வேண்டும்.