கன்னியா வெந்நீர்க் கிணறுகள்

திருகோணமலை மாவட்டத்தின் பழமையான பொதுக் குளிப்பிடம். நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில், அனுராதபுரம் செல்லும் ஏ-12 வீதியிலிருந்து உள்ளே அமைந்துள்ளது. இறக்கக்கண்டி, நிலாவெளிப் பக்கத்தவர்கள் கடலோர வீதியால் தெற்கே வந்து இதை அடைவர்.

சதுரமாகக் கட்டப்பட்ட 7 சிறு கிணறுகள் அருகருகே உள்ளன. ஒவ்வொன்றின் சூடும் சற்றே வேறுபடும். இங்கே நீந்த முடியாது. கிணற்றோரம் நின்று வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டும். மிதமான சூட்டுக் கிணற்றில் தொடங்கி அடுத்ததற்கு நகர்வது பலரின் வழக்கம். இந்தச் சூடு எரிமலையால் வருவதன்று; இலங்கையில் எரிமலை இல்லை. நிலத்துள் ஆழமாக இறங்கும் மழைநீர் அங்கே சூடேறி, பாறை வெடிப்புகள் வழியே மேலெழுகிறது.

தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் என்பது ஐதீகம். அதனால் இது உல்லாசக் குளியலுக்கு மட்டுமான இடமன்று. இறந்தோருக்கான கிரியைகளுக்கும், சிறப்பாக ஆடி அமாவாசையில், தமிழர் இங்கு கூடுவர்.

முன்னர் உள்ளூராட்சி மன்றம் பராமரித்த இவ்விடம் பின்னர் தொல்லியல் திணைக்களத்தின் கைக்கு மாறியது. இங்கு பிள்ளையார் கோயில் அமைந்திருந்த நிலம் பற்றிய பிணக்கு 2019இல் திருகோணமலை மேல் நீதிமன்றம் வரை சென்றது. நீராடவும் பிதிர்க்கடன் செய்யவும் வருவோருக்குத் தடையற்ற வழி இருப்பதே இங்கு எந்த நிர்வாகத்துக்கும் முதற்கடமை. கிணறுகள் சிறியவை என்பதால், சவர்க்கார நுரை உள்ளே வழியாமல் காப்பதும், பெண்களுக்கு உடைமாற்ற மறைவிடம் தருவதும் அதற்கு அடுத்தவை.