ஆயுளும் ஆராதனையும் – கால்டன் தொடங்கிய கணக்கு

அபிவாதயே சொல்லி நமஸ்கரிக்கும் பிள்ளையைப் பெரியவர்கள் "தீர்க்காயுஷ்மான் பவ" என்று ஆசீர்வதிப்பது நம் இல்லங்களில் வழக்கம். அந்த ஆசீர்வாதம் எத்தனை வருஷம் சேர்த்தது என்று நாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்குப் பார்க்கத் துணிந்தவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். சார்லஸ் டார்வினுக்கு உறவினர்.

1872-ல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் எளிமையானது. மன்னர் நீடூழி வாழ வேண்டும் என்று அந்நாட்டுத் தேவாலயங்களில் வாராவாரம் பிரார்த்திக்கிறார்கள். அது பலித்தால் ராஜ குடும்பத்தார் மற்றவர்களைவிட அதிக காலம் வாழ்ந்திருக்க வேண்டுமல்லவா? 1758 முதல் 1843 வரையிலான விவரங்களில், 30 வயதைக் கடந்தவர்களை மட்டும் கொண்டு, விபத்து மரணங்களை நீக்கிப் பார்த்தார். ராஜ குடும்பத்தார் 97 பேரின் சராசரி ஆயுள் 64.04. வைத்தியர்களுக்கு 67.31, வக்கீல்களுக்கு 68.14, பாதிரிமார்களுக்கு 69.49. பாதிரிமார் ஜெயித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பிரபலமானவர்களை மட்டும் எடுத்தால் அவர்களுக்கு 66.42, வக்கீல்களுக்கு 66.51, வைத்தியர்களுக்கு 67.07! இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பக்தியை விசாரித்துப் பிரீமியம் நிர்ணயிப்பதில்லை என்றும் ஒரு குத்து குத்தினார்.

ராஜாவின் விஷயத்தில் கால்டன் அளந்தது ஊரார் அவருக்காகச் செய்த பிரார்த்தனையை. தானே போய் நாலு பேரோடு உட்கார்ந்து வருகிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க நூறு வருஷம் ஆயிற்று.

1972-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம், வாஷிங்டன் கவுண்டியில் ஆய்வு செய்த ஜார்ஜ் காம்ஸ்டாக், வாரந்தோறும் சர்ச்சுக்குப் போகிறவர்களிடையே இருதய நோய் மரணம் குறைவு என்று தெரிவித்தார். பின்னர் தம் முடிவைத் தாமே சந்தேகித்தார். நடமாட முடியாத நோயாளி சர்ச்சுக்கு எப்படிப் போவார்? போகாததால் இறந்தாரா, இறக்கும் நிலையில் இருந்ததால் போகவில்லையா? தாம் சொன்னதைத் தாமே திருத்திக்கொள்ளும் இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது.

இந்தச் சிக்கலைச் சற்று விலக்கிப் பார்த்தது 1996-ல் வெளிவந்த இஸ்ரேல் ஆய்வு. ஆசாரமான 11 கிபுட்ஸ் கூட்டுக் குடியிருப்புகளையும், அவற்றுக்கு ஒப்பான, சமயப் பற்றில்லாத 11 குடியிருப்புகளையும் 16 வருஷம் கவனித்தார்கள். வாழ்க்கை முறையும் வைத்திய வசதியும் ஏறத்தாழ ஒன்றே. சமயப் பற்றில்லாத இடங்களில் மரண விகிதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1999-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹம்மர் குழுவினர், 20 வயதுக்கு மேல் எதிர்பார்க்கும் ஆயுளில், சர்ச்சுக்கே போகாதவருக்கும் வாரம் ஒரு தடவைக்கு மேல் போகிறவருக்கும் சுமார் ஏழரை வருஷ வித்தியாசம் கண்டார்கள்.

2016-ல் வந்தது பெரிய ஆய்வு. 74,534 செவிலியர்களை 16 வருஷம் தொடர்ந்து கவனித்ததில், வாரம் ஒரு தடவைக்கு மேல் போனவர்களின் மரண அபாயம் 33 சதவீதம் குறைவு. காம்ஸ்டாக்கின் சந்தேகத்தை மனதில் வைத்து முந்தைய உடல்நிலையையும் கணக்கில் சேர்த்தார்கள். காரணங்களில் முதலிடம் நாலு பேரின் ஆதரவுக்கு. புகை பிடிக்காமை, மனச்சோர்வின்மை ஆகியவை அடுத்து. ஆனாலும் விளங்காத பகுதி பாக்கியிருக்கிறது.

இந்தக் கேள்வித்தாள்கள் நமக்குச் சரியாகப் பொருந்தா. வீட்டிலேயே ஸந்தியாவந்தனமும் பூஜையும் விடாமல் செய்து, கோவிலுக்கு எப்போதாவது போகும் பெரியவர் அதில் "போகாதவர்" ஆகிவிடுவார்! வாரம் ஒரு நாள் கூடும் ஸஹஸ்ரநாமப் பாராயண கோஷ்டி வேண்டுமானால் அதற்குள் வரும். எங்கள் கோஷ்டியில் முழங்கால் வலியால் இரண்டு மாமிகள் மாடிப்படி ஏற முடியாமல் நின்றுவிட்டார்கள். காம்ஸ்டாக்கைப் படித்த பிறகு நான் ஒரு யோசனை சொன்னேன். இப்போது மாதத்தில் இரண்டு வாரம் பாராயணம் அவர்கள் வீட்டிலேயே நடக்கிறது.